நகரின் எல்லையை வகுப்பது யார்? ஆரிகன் மாநில அனுபவம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் மாநிலத்தில் ஒவ்வொரு நகரைச் சுற்றியும் வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. கோட்டின் உட்புறம் நகரம் பரவலாம். வெளிப்புறம் பெரும்பாலும் வேளாண்மைக்கும் காடுகளுக்கும் உரியது. ‘நகர வளர்ச்சி எல்லை’ எனப்படும் இக்கோட்டை நகராட்சி தனித்து வரைந்துவிட இயலாது; கவுண்டியும் உடன்பட வேண்டும். கவுண்டி என்பது ஏறத்தாழ இந்திய மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு. ஆயின், அதன் ஆட்சிக் குழு மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவது.

வில்லாமெட் பள்ளத்தாக்கின் வளமான மண் வீட்டுமனைகளாக மாறிவந்ததே இம்முறைக்கு வித்திட்டது. ஆளுநர் டாம் மக்காலின் ஆதரவுடன், 1973-இல் மாநிலம் முழுமைக்குமான நிலப் பயன்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. அதற்காக முன்னின்று உழைத்த மேலவை உறுப்பினர் ஹெக்டர் மக்பர்சன், பால்பண்ணை நடத்திய விவசாயி என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லைக்குள் 20 ஆண்டுத் தேவைக்குப் போதிய நிலம் இருத்தல் வேண்டும் என்பது விதி. பேச்சுவார்த்தையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மக்கள்தொகை எவ்வளவு பெருகும், ஓர் ஏக்கரில் எத்தனை வீடுகள் அமையும் என்ற இரு கணக்குகளைச் சற்றே மாற்றினாலும் எல்லை பல நூறு ஏக்கர் நகர்ந்துவிடும். நகராட்சி வரி தரும் நிலத்தை நாடுகிறது. கவுண்டியோ, சாலைச் செலவையும் பாசன நிலம் துண்டாடப்படுவதையும் எண்ணித் தயங்குகிறது. கோட்டிற்கு உள்ளே வந்துவிட்ட நிலத்தின் விலை பன்மடங்கு உயர்வதால், நில உரிமையாளர்கள் இருதரப்பையும் நெருக்குவதும் இயல்பே.

எல்லைக்குள் வந்தும் நகராட்சியுடன் இன்னும் இணைக்கப்படாத நிலத்தில் கட்டட அனுமதி வழங்குவது யார், குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் எப்போது நீளும் என்பவற்றையெல்லாம் நகரமும் கவுண்டியும் எழுத்து வடிவ ஒப்பந்தத்தால் தீர்த்துக்கொள்கின்றன. வரைபடத்திலுள்ள கோட்டைவிட இந்த ஒப்பந்தமே முக்கியமானது எனலாம். குழாய் செல்லாத நிலத்தில் முறையான நகரம் எழாது.

பெண்ட் நகரின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1980-இல் ஏறத்தாழ 17,000 பேர் வாழ்ந்த அந்நகரில், 2010-இல் 76,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். எல்லையை 8,000 ஏக்கருக்கு மேல் விரிக்க நகராட்சி முன்வந்தது. டெஷூட்ஸ் கவுண்டியும் இசைந்தது. இருவரும் உடன்பட்டபின் தடை ஏது என்று தோன்றலாம். ஆயினும், மாநில நிலப் பாதுகாப்பு, வளர்ச்சி ஆணையம் 2010-இல் அத்திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. இருக்கும் எல்லைக்குள்ளேயே எவ்வளவு வீடுகளைக் கட்ட முடியும் என்பது முறையாக ஆராயப்படவில்லை என்பது முக்கியக் காரணம். கணக்கு மீண்டும் போடப்பட்டது. 2016-இல் ஏற்கப்பட்ட விரிவு 2,380 ஏக்கர் மட்டுமே! புதிய வீடுகளில் பெரும்பகுதியைப் பழைய எல்லைக்குள்ளேயே அமைக்க நகராட்சி ஒப்பியது.

இம்முறைக்கு எதிர்ப்பும் உண்டு. கட்டுப்பாட்டால் நிலமதிப்பு குறைந்தோர்க்கு இழப்பீடு தரவேண்டும், அல்லது கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்று 2004-இல் வாக்காளர்களே தீர்ப்பளித்தனர். 2007-இல் மற்றொரு வாக்கெடுப்பு அதைப் பெரிதும் சுருக்கியது. வீட்டு விலை உயர்வுக்கு எல்லையே காரணம் என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. மலிவு விலை வீடுகளைக் கட்டும் நிபந்தனையுடன், நகரங்கள் ஒருமுறை மட்டும் எளிய வழியில் எல்லையைச் சிறிதளவு விரிக்க 2024-இல் சட்டம் இடமளித்தது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய ஏற்பாடு, 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வகுத்த மாவட்டத் திட்டக் குழு. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான இடவமைப்புத் திட்டம், நீர்ப் பங்கீடு ஆகியவற்றை அது கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 243-இசட்.டி. பிரிவு. உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்டோராக இருத்தல் வேண்டும். ஆனால் நகராட்சி எல்லையை விரிக்கும் அதிகாரம் இக்குழுவிடம் இல்லை; அது மாநில அரசின் அறிவிக்கையால் நிகழ்கிறது. இணைக்கப்படும் ஊராட்சியின் மக்கள் கேட்பவையோ மிக எளிய கேள்விகள்: வீட்டுவரி எவ்வளவு உயரும், ஊரக வேலைத் திட்டம் நின்றுவிடுமா, ஏரிநீர் இனி யாருக்கு?