திரையில் தெளியும் எழுத்து

சென்ற சுதந்திர தின விழாவுக்காக எங்கள் வகுப்பினர் கணிப்பொறியில் தட்டச்சு செய்த அழைப்பிதழைப் படித்தவர்கள் சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டார்கள். ‘கொடியேற்று விழா’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘கோடியேற்று விழா’ என்று அச்சாகியிருந்தது. மூன்று பேர் திரையிலேயே பிழை திருத்திய தாள் அது! ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு எங்கள் திரையில் தெரியவில்லை என்றோம். சாக்குப்போக்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். அது சாக்கு அன்று என்பதை இனி நீங்களே காண்பீர்கள்.

ஜூன் மாதத்தில் எங்கள் கணிப்பொறி அறைக்கு 24 அங்குலப் புதிய மானிட்டர்கள் வந்தன. பழைய பெட்டிகளோடு அவற்றை இணைத்தார்கள். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஈரத்தாளில் எழுதிய மைபோல் ஓரமெல்லாம் கசிந்து நின்றது. ஒரு தோழிக்குத் தினமும் தலைவலி. சிறுமுகையில் தறி நெய்யும் அவள் தந்தை, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவளைக் கோவைக்குக் கூட்டிவந்து கண் மருத்துவரிடம் காட்டினார். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். அப்படியானால் குறை மானிட்டரில்தான் என்று முடிவாகி, அவற்றைத் திருப்பி அனுப்பவும் பேச்சு நடந்தது.

மானிட்டரிலும் குறை இல்லை. அதை எங்களுக்குப் புரியவைத்தவர் அந்த நெசவாளரே.

திரை என்பது புள்ளிக்கோலம் போன்றது. எங்கள் மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகள், மேலிருந்து கீழாக 1080 வரிசைகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கீற்றுகள். தொழிற்சாலையில் பதித்த இந்தப் புள்ளிகளைக் கூட்டவோ குறைக்கவோ நம்மால் இயலாது. ஆனால் பழைய சிறிய திரைக்கு வைத்திருந்த 1366க்கு 768 என்ற கணக்கையே எங்கள் கணிப்பொறி இன்னும் அனுப்பிக்கொண்டிருந்தது. 1920ஐ 1366ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1.4. அதாவது கணிப்பொறி அனுப்பும் ஒரு புள்ளியை மானிட்டர் 1.4 புள்ளியாக நீட்டிக் காட்ட வேண்டும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அந்தத் தந்தையிடம் இக்கணக்கைக் காட்டினோம். அவர் கேட்டார்: “ஏனுங் கண்ணு, டிசைன் தாள்ல ஒரு கட்டத்துக்கு ஒரு நூல்னு கணக்குங்க. ஒன்னே கால் நூலு, ஒன்னரை நூலுன்னா நான் எங்க போறது? ரெண்டு நூலுன்னாலும் பூ பெருசா வரும், சுத்தமா வரும். இடையில நின்னா பூ கலைஞ்சு போயிருமுங்க.”

பாடநூலில் இத்தனை எளிதாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை! 1804இல் பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கிக் காட்டினார். கணிப்பொறியின் மூதாதைகளில் அந்தத் தறியும் ஒன்று என்பார்கள். நெசவாளருக்கு இது புரிந்ததில் வியப்பென்ன?

1.4 புள்ளி என்று ஒன்று இல்லையாதலால், மானிட்டர் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறப் புள்ளிகளை இட்டு நிரப்புகிறது. நாம் கண்ட கசிவு அதுதான். டிஸ்பிளே செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று ரெசல்யூஷனை ‘ரெக்கமண்டட்’ என்று குறித்திருக்கும் 1920க்கு 1080க்கு மாற்றினோம். ஒரு நொடியில் எழுத்துகள் ஊசிமுனையால் கீறியதுபோல் நின்றன.

ஆனால் சிறுத்துவிட்டன. பழைய கணக்குக்கு ஓடித் திரும்பலாமா என்று பின்வரிசையினர் முணுமுணுத்தார்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் ரெசல்யூஷனைக் குறைக்கக் கூடாது. அதே பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 விழுக்காடாக ஏற்ற வேண்டும். இரண்டும் பெரிதாக்குவதுதானே என்று கேட்பீர்கள். முன்னது, வரைந்து முடித்த கோலத்தைப் பிடித்து இழுப்பது. பின்னது, புள்ளிகளைக் கூட்டி வைத்துக் கோலத்தைப் புதிதாகவே போடுவது. இன்றைய எழுத்துருக்களில் எழுத்தின் புறக்கோடு கணக்காகவே பதிவாகியிருக்கிறது. எந்த அளவு கேட்டாலும் கணிப்பொறி அந்த அளவுக்குப் புதிதாக வரைந்து தரும்.

தமிழுக்கு இது மிகவும் தேவை. வழக்கமான 9 பாயின்ட் எழுத்துக்கு 100 விழுக்காட்டில் கிடைப்பது 12 புள்ளி உயரமே. அதற்குள் இகரக் கொண்டையும் வேண்டும், உகரத்தின் வாலும் வேண்டும், மூன்று சுழி ‘ண’வின் சுழிகளும் ஒட்டாமல் நிற்க வேண்டும். ஆங்கிலத்தின் ‘ஐ’யும் ‘எல்’லும் இதில் எப்படியோ பிழைத்துக்கொள்ளும், நம் ‘ணு’வும் ‘ளை’யும் திணறிப்போகும். 150 விழுக்காட்டில் அதே எழுத்துக்கு 18 புள்ளி கிடைக்கிறது.

ஓலைச்சுவடியில் எழுத்தாணி ஓலையைக் கிழிக்குமென்று புள்ளிகளை விட்டுவிடுவார்கள். அதனால் எகரமும் ஏகாரமும் மயங்கின. அந்த மயக்கம் தீர ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு தந்தவர் வீரமாமுனிவர் என்று தமிழ் வகுப்பில் படித்தோம். அவர் பிரித்து வைத்ததை எங்கள் திரை மீண்டும் ஒட்டவைத்துவிட்டது, ‘கோடி’ ஏறியது!

இன்னொரு சங்கடம் வந்தது. 125 விழுக்காட்டில் எல்லாம் தெளிவாயிருக்க, பழைய தட்டச்சு நிரல் ஒன்று மட்டும் மங்கியே கிடந்தது. ஸ்கேல் என்பதே தெரியாத காலத்து நிரல் அது. 100 விழுக்காட்டில் வரைந்ததை விண்டோஸ் வாங்கி இழுத்துக் காட்டுகிறது. அதன் படவுருவை வலப்பக்கம் சொடுக்கி, ப்ராபர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி எனச் சென்று, ‘ஹை டிபிஐ’ அமைப்பை மாற்றினால் ஓரளவு சரியாகும். நாங்கள் வேறு வழியைத் தேர்ந்தோம்: அந்த நிரலையே விட்டுவிட்டோம். நம் கோவையில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பிறகும் நாம் பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

‘கிளியர்டைப்’ என்ற வசதியையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் 1998இல் அறிவித்த முறை இது. ஒரு புள்ளியின் மூன்று நிறக் கீற்றுகளையும் தனித்தனியே பயன்படுத்தி, நெடுங்கோடுகளின் ஓரத்தைச் சீராக்குகிறது. தேடும் இடத்தில் அப்பெயரைத் தட்டினால் சில மாதிரிகள் வரும். கண்ணுக்கு எது தெளிவோ அதைத் தேர்ந்தால் போதும்.

பெரிய திரை வாங்கினால் எழுத்து தெளியும் என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். 1920 புள்ளிகளை 24 அங்குலத் திரையில் பரப்பினால் அங்குலத்துக்கு 92 புள்ளி. 27 அங்குலமானால் 82. 43 அங்குலத் தொலைக்காட்சியானால் 51தான். மாவு அதேதான், தோசை பெரிது. 60 சென்டிமீட்டர் தொலைவில் நல்ல கண் பிரித்தறியும் அளவு சுமார் 0.17 மில்லிமீட்டர். எங்கள் திரையின் ஒரு புள்ளி 0.28 மில்லிமீட்டர். 27 அங்குல 4கே திரையின் புள்ளியோ 0.16. அச்சிட்ட தாள்போல் அது தோன்றுவதற்குக் காரணம் இதுதான்; விலையும் அதற்கேற்றபடி. தொலைக்காட்சியைக் கணிப்பொறியோடு இணைப்பவர்கள் அதன் ‘ஷார்ப்னெஸ்’ஸை ஏற்றிவிடக் கூடாது. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று முளைக்கும். அது தெளிவன்று, கண்ணுக்குத் தொல்லை.

கடைசி வரிசையில் ஒரு கணிப்பொறி மட்டும் எங்களுக்கு அடங்கவில்லை. அதில் 1920க்கு 1080 என்ற அளவே பட்டியலில் வரவில்லை. மானிட்டர் தன் அளவைக் கேபிள் வழியாகவே கணிப்பொறிக்குச் சொல்கிறது. அந்தப் பழைய நீலமுனை விஜிஏ கேபிளில் ஓர் ஊசி ஒடிந்திருந்தது. கேபிளை மாற்றினோம், அளவு வந்தது. ஆயினும் விஜிஏ 1987ஆம் ஆண்டு முறை. எண்ணாக அன்றி மின்னலையாக அனுப்புவதால் புள்ளிகள் சிறிது நழுவும். மானிட்டரின் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தியதும் நழுவல் குறைந்தது. எச்டிஎம்ஐ துளை அந்தப் பெட்டியில் இல்லை.

தோழியின் தலைவலி ஒரு வாரத்தில் நின்றது. மானிட்டர்கள் திரும்பிப் போகவில்லை. இம்மலரின் தமிழ்ப் பகுதியை அவளும் நாங்களும் 150 விழுக்காட்டில் வைத்துத் திரையிலேயே பிழை பார்த்தோம். பிறகு அச்சுத்தாளிலும் ஒருமுறை பார்த்தோம். கடைசி வரிசைக் கணிப்பொறியில் யார் அமர்வது என்பதற்கு மட்டும் வாரம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம்.