55 வயதில் கையில் என்ன மிஞ்சும்?

பணம் உழைப்பது பற்றி எம்மவர்கள் நிறையப் பேசுவார்கள். உழைத்த பணம் வயதுபோன காலத்தில் எங்கே இருக்கும் என்று பேசுபவர்கள்தான் குறைவு. அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. கடை வைத்திருப்பவருக்கும் கடையில் நிற்பவருக்கும் அது இல்லை. ஆகவே இவ்வாரப் பாடத்தை ஒரு சம்பவத்தோடு ஆரம்பிக்கிறேன். அதில் பிழை செய்தவன் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புறக்கோட்டையிலுள்ள எமது புடவைக் கடையில் 2001ஆம் ஆண்டு ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. நேர்மையானவர். கல்லாவை நம்பி ஒப்படைத்துவிட்டு நான் தொழுகைக்குச் செல்லலாம். 2023இல் 55 வயது பூர்த்தியானதும், ஒருநாள் அஸருக்குப் பிறகு கடை சற்று ஓய்ந்திருந்த நேரம், ஒரு சொப்பிங் பேக்குடன் என் மேசைக்கு வந்தார்.

"முதலாளி, இத கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று அவருடைய ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று, அதாவது எல்லோரும் சொல்லும் ஈ.பீ.எப். மற்றது அவருடைய மூத்த மகனின் கடனட்டைக் கூற்று. ஈ.பீ.எப். காசு வந்ததும் மகனின் காட் கடனைக் கட்டி முடித்துவிடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் கணக்குப் பார்த்தேன். வாசகர்களும் அவ்வாறே பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலாவது காகிதம்: கடனட்டை

மகன் ஒரு கம்பனியில் வேலை செய்கிறார். 2021இல் கடனட்டை எடுத்திருக்கிறார். அப்போது கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி 2020இல் விதித்த 18 வீத உச்சவரம்பு நடைமுறையில் இருந்தது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அதன் பிறகு வட்டி 30 வீதத்தையும் தாண்டிச் சென்றது. பொடியன் காட்டை எடுத்தபோது இருந்த விலை வேறு, கடன் சேர்ந்தபோது இருந்த விலை வேறு. கூற்றில் சிறிய எழுத்தில் அது இருந்தது. அவர் வாசிக்கவில்லை.

கடனட்டைக் கூற்றில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று முழு நிலுவை. மற்றது ஆகக் குறைந்த கொடுப்பனவு. முழு நிலுவையையும் உரிய திகதிக்குள் கட்டினால், பொருள் வாங்கியதற்கு வட்டி இல்லை. ஒரு பகுதியை மாத்திரம் கட்டினால், வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். கடனட்டையைப் போட்டுக் காசாக எடுத்தாலோ அன்றைய தினமே வட்டியும் கட்டணமும் ஆரம்பமாகிவிடும்.

அந்த ஆகக் குறைந்த தொகை பல வங்கிகளில் நிலுவையின் 5 வீதமளவில் இருக்கும். அதைக் கட்டினால் வங்கியிலிருந்து தொலைபேசி அழைப்பு வராது. அதனால் கடன் குறைகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்.

நிலுவை 100,000 ரூபா. கணக்குக்கு இலகுவாக வட்டி ஆண்டுக்கு 24 வீதம், மாதத்துக்கு 2 வீதம் என்று வைப்போம். மாத முடிவில் நிலுவை 102,000 ஆகும். அதில் 5 வீதமாக 5,100 ரூபா கட்டுகிறோம். மிகுதி 96,900. கையிலிருந்து போனது 5,100. கடன் குறைந்தது 3,100 மாத்திரமே. இப்படியே ஒரு வருடம் கட்டினால் சுமார் 51,800 ரூபா கட்டியிருப்போம். ஆனால் கடன் இன்னும் 68,500 ரூபாவரை நிற்கும். ஐந்து வருடங்கள் கட்டினால் கட்டிய மொத்தம் சுமார் 139,700. அப்போதும் 15,000 ரூபா பாக்கி. இவ்வளவும் அந்தக் காட்டில் புதிதாக ஒரு சதமேனும் செலவழிக்காமல் இருந்தால்தான்.

வட்டியின் மார்க்கச் சட்டம் வாசகர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் வியாபாரி, கணக்கை மாத்திரம் சொல்கிறேன். கணக்கிலும் இது நட்டம்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகம், அதாவது 'கிரிப்', பிந்திய கொடுப்பனவுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நாளை லீசிங்கில் ஒரு முச்சக்கரவண்டி எடுக்கச் சென்றாலும் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

இரண்டாவது காகிதம்: ஈ.பீ.எப்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். அவர் 22 வருடங்கள் வேலை செய்தார். கூற்றிலோ 13 வருடங்களே இருந்தன. 2001 தொடக்கம் 2010 வரையான ஒன்பது வருடங்களுக்கு நான் ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை. தொழில் திணைக்கள அதிகாரி கடைக்கு வந்து கேட்ட பிறகுதான் பதிவு செய்தேன்.

பெருநாளைக்கு உடுப்புக் கொடுத்தேன். உம்மாவின் வைத்தியச் செலவைப் பார்த்தேன். மகளின் கல்யாணத்துக்கும் கொடுத்தேன். இவ்வளவும் செய்கிறோமே, ஈ.பீ.எப். எதற்கு என்று அக்காலத்தில் நினைத்தேன். இன்றும் பல முதலாளிமார் நினைப்பது இதைத்தான். ஆனால் அன்பளிப்பு வேறு, உரிமை வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றதைக் கழிக்க முடியாது.

சட்டம் தெளிவானது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், முதலாளியின் கையிலிருந்து 12 வீதமும், மொத்தம் 20 வீதம் கட்ட வேண்டும். இதற்கு மேலதிகமாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.ரீ.எப்.க்கு, முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். அதை ஊழியரிடம் கழிக்க முடியாது. கடையில் ஒரே ஓர் ஊழியர் நின்றாலும் இது பொருந்தும். கடையில் கொடுக்கும் சாப்பாட்டின் பெறுமதியும் விற்பனைக் கொமிஷனும்கூடச் சம்பளக் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் தாமதத்துக்கேற்ப 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு.

அந்த ஒன்பது வருடங்களில் அவருடைய சம்பளம் சராசரியாக 9,000 ரூபா. அதன் 20 வீதம் மாதத்துக்கு 1,800. ஒன்பது வருடங்களுக்கு 194,400 ரூபா. அவருடைய 8 வீதத்தைப் பழைய சம்பளத்திலிருந்து இனிக் கழிக்க முடியாது. இரண்டு பங்கையும் நானே கட்டினேன். அதன் மேல் 50 வீத அபராதம் 97,200 ரூபா.

கணக்கு அத்தோடு முடியவில்லை. அந்த 1,800 ரூபாவை மாதாமாதம் உரிய காலத்தில் கட்டி, ஆண்டுக்கு 9 வீதம் சேர்ந்திருந்தால், 2023இல் அது எட்டரை இலட்சத்தைத் தாண்டியிருக்கும். 194,400 எங்கே, எட்டரை இலட்சம் எங்கே! நான் கட்டாமல் விட்டது பணத்தை மாத்திரமல்ல. அந்தப் பணம் வளர்ந்திருக்க வேண்டிய காலத்தையும் சேர்த்துத்தான் விழுங்கியிருக்கிறேன். வித்தியாசத்தை மூன்று தவணைகளில் அவருடைய கையில் கொடுத்தேன். இதை யாரும் தர்மம் என்று எண்ண வேண்டாம். அது கடன். இருபது வருடங்கள் பிந்திக் கொடுத்த கடன்.

இளம் ஊழியர்களும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 50,000 ரூபா சம்பளத்துக்கு ஈ.பீ.எப். மாதம் 10,000 ரூபா, வருடத்துக்கு 120,000. ஆண்டுக்கு 9 வீதம் என்று வைத்தால் 45 வயதில் ஆரம்பித்தவருக்கு 55இல் 18 இலட்சமளவில் கிடைக்கும். 35இல் ஆரம்பித்தவருக்கு 61 இலட்சம். வருடங்கள் இரண்டு மடங்கு, பணம் மூன்று மடங்குக்கும் மேல். "ஈ.பீ.எப். வேணாம் முதலாளி, அந்தக் காசையும் கையில தாங்க" என்று கேட்கும் பொடியன்மாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர் விரும்பினாலும் கட்டாமல் விட முதலாளிக்கு உரிமை இல்லை.

கைக்கு வந்த மொத்தப் பணம்

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஈ.பீ.எப். பணத்தைப் பெறலாம். அது மாதாமாதம் வரும் ஓய்வூதியமல்ல. ஒரே தடவையில் கைக்கு வரும் மொத்தப் பணம். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பணம் வந்த செய்தி பரவியதும் மருமகனுக்கு வியாபாரம், வீட்டுக்கு மேல்மாடி, கூட்டாளிக்குக் கைமாற்று என்று கேள்விகள் வரும். இவருக்கு வந்த முதல் கேள்வி மகனின் காட் கடன், 280,000 ரூபா.

நான் கட்ட வேண்டாம் என்றேன். வாப்பாவுக்கு அந்தப் பணத்தை மீண்டும் உழைக்கக் காலமில்லை. மகனுக்கு 29 வயது, காலம் இருக்கிறது. மகனைக் கடைக்கு அழைத்துப் பேசினோம். காட்டைப் பாவிப்பதை நிறுத்திவிட்டு வங்கிக்குச் சென்று, நிலுவையைக் குறைந்த வீதத்தில் நிலையான தவணைகளாக மாற்றித் தரும்படி கேட்கச் சொன்னேன். கேட்டால் பல வங்கிகள் செய்து தருகின்றன. முடிவுத் திகதி தெரிந்த கடனாக அது மாறியது. பொடியனே மாதாமாதம் கட்டினார்.

வாப்பாவின் பணத்தை எங்கே வைப்பது? கூடிய இலாபம் தருவதாகச் சொல்பவரைத் தேடுவதற்கு முன், அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2008 டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்ததை மறந்துவிட வேண்டாம். கடனட்டைக் கம்பனி என்ற பெயரில், மத்திய வங்கியின் அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புகளை வாங்கிய நிறுவனம் அது. ஓய்வூதியப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த எத்தனையோ பேர் வருடக்கணக்காக நீதிமன்றத்தில் நின்றார்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. அவற்றிலுள்ள வைப்புகளுக்கு, நிறுவனம் ஒன்றில் வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. ஆகவே முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

வட்டியைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் பல வங்கிகள் இஸ்லாமியப் பிரிவுகளை ஆரம்பித்தன. 2011இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொழிற்படத் தொடங்கியது. முழாரபா வைப்பில் இலாபப் பங்கீட்டு விகிதம்தான் பேசப்படும். தொகை முன்கூட்டி நிச்சயிக்கப்படுவதில்லை. அதைப் புரிந்துகொண்டு கையொப்பமிடுங்கள்.

வரும் வருமானம் முழுவதையும் செலவழிப்பதும் பிழை. கொழும்பில் விலைவாசி 2022 செப்டெம்பரில் முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்ததை நாம் கண்ணால் கண்டோம். வைப்புப் புத்தகத்தில் தொகை அப்படியே இருந்தது, அரிசி மூடை இருக்கவில்லை. வருவதில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியவை

1. கடனட்டைக் கூற்றில் வட்டி வீதத்தைத் தேடி வாசியுங்கள். முழுவதையும் கட்ட முடியாத மாதத்தில் காட்டை அலுமாரிக்குள் வையுங்கள்.

2. ஊழியர்கள் தமது ஈ.பீ.எப். கூற்றைக் கேட்டு வாங்கி, வருடங்களை எண்ணிப் பாருங்கள். விடுபட்டிருந்தால் இப்போதே கேளுங்கள்.

3. அடையாள அட்டையிலும் ஈ.பீ.எப். கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா எனப் பாருங்கள். முஹம்மத் என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். 55 வயதில் அதைத் திருத்த அலைவதைவிட இன்று திருத்துவது இலகு.

4. பத்து வருடங்கள் கட்டி, மூன்று இலட்சம் ரூபாவாவது சேர்ந்தவர்கள் வீடு, வைத்தியம் ஆகியவற்றுக்காக 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுக்காதீர்கள்.

5. முதலாளிமாரே, கல்லாவையும் சட்டைப் பையையும் ஒன்றாக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு மாதச் சம்பளம் வைத்து, அதில் ஒரு பங்கை முதுமைக்கென வேறு கணக்கில் போடுங்கள். சுயதொழில் செய்வோர் ஈ.ரீ.எப்.இல் சேரலாம். சமூகப் பாதுகாப்புச் சபையிலும் ஓய்வூதியத் திட்டங்கள் இருக்கின்றன.

அன்று பேசி முடித்து எழும்பும்போது அவர் கேட்டார், "முதலாளி, மத்தப் பொடியன்மாருக்கு எல்லாம் கட்டியிருக்கீங்கதானே?" அன்றிரவு கடையைச் சாத்திய பிறகு ஒவ்வொருவருடைய பெயரையும் புத்தகத்தில் பார்த்தேன். எல்லோருக்கும் கட்டியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். இதை வாசிக்கும் முதலாளிமாரும் இன்றிரவு தமது புத்தகத்தை ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும்.