ஓயாத சளியும் வலப்பக்க இதயமும்

கேள்வி: என் 5 வயது மகனுக்கு வருடம் முழுக்கச் சளி, இருமல். நிமோனியாவும் வந்துபோனது. எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா டாக்டர்?

பதில்: இருக்கலாம் அம்மா, தள்ளிப்போடாமல் பாருங்கள். மூச்சுக்குழாயின் உட்சுவரில் குற்றிழைகள் என்ற நுண்மயிர்கள் இடைவிடாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. பிறவியிலேயே அவை சரியாக அசையாவிட்டால் சளி தேங்கும், கிருமி குடியேறும். கருவில் உறுப்புகள் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைத் தீர்மானிப்பதும் இத்தகைய இழைகள்தான். அதனால் இழைகள் சரியாக அசையாத இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன. ஓயாத சளியும் இடம் மாறிய உறுப்புகளும் சேர்ந்து வரும் நோய்த்தொகுதியைச் சுவிஸ் மருத்துவர் கார்டாஜெனர் 1933இல் விவரித்தார். இழைகளின் கோளாறே காரணம் என்று 1976இல் அஃப்சீலியஸ் என்ற ஆய்வாளர் காட்டினார்.

பிறந்த உடனே மூச்சுத் திணறி ஆக்சிஜன் வைத்தார்களா? காதில் சீழ் வடிகிறதா? நீங்கள் சொந்தத்தில் மணம் முடித்தவர்களா? இவற்றைக் குழந்தைகள் நல நுரையீரல் நிபுணரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நோயை உறுதிசெய்ய மரபணுப் பரிசோதனை உதவும். முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தினமும் நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பிசியோதெரபி, தக்க சமயத்தில் ஆன்டிபயாடிக், தடுப்பூசிகள் ஆகியவை நுரையீரலைக் காக்கும். இருமலை அடக்கும் சிரப் மட்டும் வேண்டாம். சளியை வெளியேற்ற அவனுக்கு இருக்கும் முக்கிய வழியே அந்த இருமல்தான்.