கிணற்றுத் தண்ணீரும் பிளேன்ரீயும்

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றும் பிளேன்ரீ மங்கிக் கிடக்கிறது, மேலே ஆடைபோல ஏதோ படர்கிறது. தேயிலை கூடாததா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: குறை பெரும்பாலும் தண்ணீரில்தான். வன்னியில் பல கிணறுகளில் கல்சியம் கூடிய கடின நீர். கல்சியமும் தேயிலைச் சாறும் காற்றுப்பட்டுச் சேர்வதே அந்த ஆடை. தண்ணீரைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அடியில் படிவதை விட்டு மேல்நீரை எடுத்து, மறுபடி கொதித்ததும் ஊற்றுங்கள். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி தேயிலை. தூளென்றால் 3 நிமிடம், பெரிய இலையென்றால் 5 நிமிடம் மூடிவைத்து வடித்துவிடுங்கள். அடுப்பில் வைத்தே காய்ச்சினால் கயர்ப்பு ஏறும். சில துளி தேசிக்காய்ப்புளி விட்டால் ஆடை குறையும், நிறமும் தெளியும். சீனியை விட்டு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். தேயிலையின் சொந்தச் சுவை நாக்கில் நிற்கும்.

தேயிலை கூடாததா என்று கேட்டதால் அதன் கதையும் கொஞ்சம்: கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படவிட்டு உலர்த்தினால் கறுப்புத் தேயிலை. இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் பரவிய இலைத்துரு நோய் அதுவரை மலையில் பயிரிட்ட கோப்பியை அழிக்க, தேயிலை மலையெங்கும் ஏறியது. அதைத் தாங்கியது தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பு. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பின் அந்தக் குடும்பங்களில் பல வன்னியில் குடியேறின. கொழுந்து பறித்த கைகள் உங்கள் அயலிலேயே இருக்கலாம். நல்ல தேயிலை எதுவென்று அவர்களிடம் கேட்டு வாங்குங்கள்.