காலண்டர் தாளில் ஒரு வானம்

தென்காசி,
மார்கழி 5

அன்பு மகள் கயலுக்கு,

முதல் சம்பளத்தில் டெலஸ்கோப் வாங்கலாமா என்று போனில் கேட்டாய். நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இப்போது வாங்காதே அம்மா. ஒரு வருஷம் வெறுங்கண்ணால் பார்த்துப் பழகு, அப்புறம் வாங்கு.

டெலஸ்கோப் காட்டுவது வானத்தில் ஒரு துளி இடத்தை மட்டும்தான். அதை எங்கே திருப்புவது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பது வயதில் நான் வாங்கியது நாலு நாள் நிலாவைக் காட்டிவிட்டுப் பரணுக்குப் போனது. வானம் எனக்குப் பழகிய பிறகுதான் அது கீழே இறங்கியது.

பழகுவதற்கு வழி உன் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. தினசரி காலண்டரில் அன்றைய நட்சத்திரம் என்று ஒரு பெயர் போட்டிருக்கும் அல்லவா? அது அன்று நிலா இருக்கும் இடத்தின் விலாசம். நிலா வானத்தை ஒரு சுற்று வர ஏறக்குறைய 27 நாள். அதனால்தான் நட்சத்திரமும் 27. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நிலா ஒரு நாளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிழக்கே நகர்கிறது.

முதலில் ரோகிணி, மகம், சித்திரை மூன்றையும் பிடித்துக்கொள். மூன்றும் சென்னை வெளிச்சத்திலும் தெரியும், நிலாவும் அவற்றின் கிட்டேயே போகும். தாளில் பெயர் வந்த இரவு, நிலாவுக்குப் பக்கத்தில் பளிச்சென்று இருப்பதைக் குறித்துக்கொள். நாலு நாளில் நிலா நகர்ந்துவிடும். நட்சத்திரம் அங்கேயே நிற்கும். அதுதான் உன் முதல் அறிமுகம்.

இந்த மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து நில். போனைப் பைக்குள் போட்டுவிடு. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது வேண்டும், திரையை ஒரு தடவை பார்த்தாலும் பழகியது கெட்டுவிடும். மூன்று நட்சத்திரங்கள் ஏணிப்படி போல, சற்றே சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அதுதான் வேட்டைக்காரன் என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புப் பட்டை. அதற்கு இடப்பக்கம் செம்மஞ்சளாக இருப்பது திருவாதிரை. வலப்பக்கம் வெண்ணீலமாக இருப்பது ரைகல். இரண்டையும் மாறி மாறிப் பார். நட்சத்திரத்துக்கு நிறம் உண்டு என்பதை நீயே கண்டுகொள்வாய். சிவந்தது சூடு குறைந்தது, நீலம் சூடு மிகுந்தது. பட்டையின் கோட்டை மேலே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கொத்து. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால், கோட்டின் கீழ்முனைப் பக்கம் சிரியஸ் எழுந்து வரும். இரவு வானில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது.

பழகுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பாய். 2020 தை மாதம் ஒரு ராத்திரி மாடிக்குப் போன எனக்குத் திக்கென்றது. எப்போதும் ரோகிணியைவிட ஒரு பிடி பிரகாசமாக இருக்கும் திருவாதிரை, அன்று அதைவிட மங்கிக் கிடந்தது. தினம் பார்க்கும் வீட்டு மனுஷருக்கு முகம் வாடியது போல இருந்தது. அந்த நட்சத்திரமே கக்கிய தூசு அதன் ஒளியை மறைத்தது என்று விஞ்ஞானிகள் பின்னால் விளக்கினார்கள். சில மாதத்தில் பழைய ஒளி திரும்பியது. அந்த மாற்றத்தைக் காண எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு நட்சத்திரமும் தினம் நாலு நிமிஷம் முன்னதாக உதிக்கும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். அதனால் வேட்டைக்காரனை வைகாசியில் தேடாதே, அப்போது அவன் சூரியன் பக்கம் போயிருப்பான். அவன் போனால் சித்திரை உச்சிக்கு வரும். யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு இரண்டு வரி எழுதிக்கொண்டே வா.

மாசி மகத்தன்று ராத்திரி எனக்குப் போன் போடு. அன்று முழுநிலா மகத்தை ஒட்டி இருக்கும். நானும் இங்கே மாடியில் நிற்பேன். மகம் எது என்று நான் சொல்ல மாட்டேன், நீ சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்த மார்கழியில் டெலஸ்கோப் வாங்கும்போது பாதிப் பணம் என்னுடையது.

ஆசிகளுடன்,
பெரியப்பா