கொடி பிடித்த தம்பி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தால், யார், எதற்கு என்று எடுக்காமலே தெரியும். எங்கள் முதல் அணியின் பொறுப்பாளர்தான். அவருடைய கோல் கீப்பருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும். என்னுடைய கோல் கீப்பர் அவருக்கு வேண்டும்.

தெற்கு லண்டனில் ஓர் அமெச்சூர் உதைபந்தாட்டக் கழகத்தின் ரிசேர்வ் அணியை ஆறு வருடமாகப் பார்த்து வருகிறேன். வியாழன் இரவு எழுதிய பெயர்ப்பட்டியல் சனிக்கிழமை அப்படியே மைதானத்தில் இறங்கியது மூன்றோ நான்கோ தடவைதான். மேலே இருக்கிற அணிக்கு ஆள் கொடுக்கத்தான் ரிசேர்வ் அணி இருக்கிறது, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் மிஞ்சி நிற்கிற பொடியள் தங்களை மிச்சசொச்சம் என்று நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வெளி மைதானத்துக்குப் போகும் நாளில் அந்தப் பொறுப்பு இரண்டு மடங்கு. பாதி நாளைப் பயணத்தில் செலவழித்து, தன் பங்குப் பணத்தையும் கட்டிவிட்டு வருகிறவனுக்கு நாம் ஒரு ஆட்டத்தைக் கடன்பட்டிருக்கிறோம்.

போன டிசம்பரில் என்ஃபீல்டுக்குப் போன ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். பதினைந்து பேர் வருவதாக இருந்தது. காலையில் முதல் அணி கீப்பரையும் ஒரு முன்கள ஆட்டக்காரரையும் எடுத்துக்கொண்டது. ஒருவருக்குக் காய்ச்சல். மிச்சம் பன்னிரண்டு. ஏழு பேர் இருந்தாலே ஆட்டம் தொடங்கலாம் என்பது விதி. ஏழுக்குக் குறைந்தால் முடியாது. பன்னிரண்டு என்பது எங்களுக்கு வசதியான கணக்கு.

நாங்கள் கிளம்பும் குரொய்டன் லண்டனின் தெற்கு ஓரம், என்ஃபீல்ட் வடக்கு ஓரம். நகரத்துக்குள் சிக்காமல் எம் 25 நெடுஞ்சாலையில் சுற்றி, டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் நதியைக் கடந்து போனோம். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். எங்கள் மட்டத்து மைதானங்கள் பலவற்றில் மின்விளக்கு இல்லை. ஆகவே ஒன்றரைக்கே ஆட்டம். ஒன்றரைக்கு ஆட்டம் என்றால் பன்னிரண்டரைக்கு உடைமாற்றும் அறையில் இருக்க வேண்டும், பத்தே முக்காலுக்குக் கார் கிளம்ப வேண்டும். தனித்தனியாக வாருங்கள் என்று ஒருபோதும் விடாதீர்கள். ஒரே இடத்தில் கூடி, கார்களில் ஆட்களைப் பிரித்து ஏற்றினால், வராதவன் யார் என்று பத்தே முக்காலுக்கே தெரிந்துவிடும். பன்னிரண்டரைக்குத் தெரிந்து பிரயோசனமில்லை.

கார் கொண்டுவருகிறவர்களைப் பற்றி ஒன்று. டார்ட்ஃபோர்டில் சாவடியில் நிறுத்திக் காசு வாங்குவது 2014 இலேயே நின்றுவிட்டது. மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்ட வேண்டும், மறந்தால் அபராதம் வரும். ஒரு முறை எங்கள் பொடியன் ஒருவனுக்கு அப்படி வந்தது. அவன் வாய் திறக்கவில்லை, ஆனால் அதன்பிறகு இரண்டு மாதம் காரைக் கொண்டுவரவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கார்களின் இலக்கங்களையும் எழுதி வைத்து, போக வரக் கட்டணத்தை அன்றிரவே நான் கட்டிவிடுகிறேன். கழகத்துக்கு இது சின்னத் தொகைதான்.

என் பையில் முதலுதவிப் பெட்டி, காற்றடிக்கும் பம்ப், ஒரு சோடி உபரிக் கையுறை, பெற்றோலியம் ஜெல்லி, ஸ்டட் திருகும் சாவி ஆகியவை எப்போதும் இருக்கும். கடைசி இரண்டும் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். மழைக்கால மைதானத்தில் வார்ப்பு அடிச் சப்பாத்து வழுக்கும். திருகிப் பூட்டுகிற உலோக ஸ்டட் வேண்டும். அதன் மரைக்குள் சேறு போய்த் துருவேறிவிட்டால் அடுத்த முறை கழற்ற முடியாது. மாட்டுவதற்கு முன் மரையில் கொஞ்சம் ஜெல்லி பூசினால் போதும். அன்றைக்கு எங்கள் ரைட் பேக் தன் ஓறேஞ்ச் நிறச் சப்பாத்தைக் கவிழ்த்து என் மடியில் வைத்தான். ஒரு ஸ்டட் பாதி தேய்ந்து, ஓரம் கத்திபோல் கூராகியிருந்தது. இன்னொருவனின் காலைக் கிழித்துவிடும். சாவியால் நெம்பி எடுத்துப் புதியதைப் பூட்டினேன். குளிரில் விரல்கள் விறைத்து, மூன்றாவது சுற்றில்தான் மரை பிடித்தது.

கையுறையை இடது விங்கில் ஆடுகிறவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். கீப்பராக நிற்கிறாயா என்று வெறுமனே கேட்டால் எவனும் தலையைக் குனிவான். அவனைத் தனியே கூப்பிட்டு, “உயரப் பந்தை விட்டுடாதை, மிச்சத்தை நான் இவங்களுக்குச் சொல்லிறன்” என்றேன். சொன்னபடியே பின்கள நால்வரையும் பத்தடி பின்னால் நிற்க வைத்தேன். தற்காலிகக் கீப்பருக்கு முன்னால் பெரிய வெளியை விட்டுவைப்பது அவனுக்குச் செய்கிற அநியாயம்.

இனிக் கொடிக்கு வருகிறேன். எங்கள் மட்டத்தில் லீக் அனுப்புவது ஒரே ஒரு நடுவரைத்தான். கோட்டு நடுவர்களை இரண்டு அணிகளும் ஆளுக்கொருவராகக் கொடுக்க வேண்டும். கொடி வழக்கமாக மாற்று ஆட்டக்காரர் கையில்தான் போய்ச்சேரும், அதுவும் வயது குறைந்தவன் கையில். அவன் தொண்ணூறு நிமிடம் குளிரில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவான். இரண்டு சனிக்கிழமை அப்படிப் போனால் மூன்றாவது சனிக்கிழமை அவன் வரமாட்டான். நல்ல பொடியள் பலரை இப்படித்தான் இழந்தோம். எங்கள் லீக்கில் வெளியே எடுத்தவரைத் திரும்ப உள்ளே விடலாம். அந்த விதியை வைத்துக்கொண்டு நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன்: எவரும் முப்பது நிமிடத்துக்கு மேல் கொடி பிடிப்பதில்லை. மூன்று பேர் மாறி மாறி. அணித் தலைவரும் விதிவிலக்கில்லை.

அன்றைக்குக் கடைசி முப்பது நிமிடம் எங்கள் அணியிலேயே இளையவனின் முறை. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போனவன். அறுபது நிமிடம் நடுக்களத்தில் ஓடிக் களைத்து, முழங்கால்வரை சேற்றோடு வந்து கொடியை வாங்கினான். அப்போது ஸ்கோர் 2-2.

எண்பதாவது நிமிடம். அவர்களின் முன்கள ஆட்டக்காரன் எங்கள் பின்வரிசையைத் தாண்டித் தனியாக ஓடினான். எங்கள் சென்டர் பேக் ஓடாமல் நின்று கையை உயர்த்தினான். எல்லாரும் தம்பியின் பக்கம் திரும்பினோம். கொடி காலோடு ஒட்டியபடி கீழேதான் இருந்தது. பந்து உள்ளே போனது. 3-2.

நான் நின்ற இடம் கோட்டுக்கு நேரானதல்ல. எனக்கும் அது ஓஃப்சைட் போலத்தான் பட்டது. ஆனால் ஒரு கிளப்பின் கோட்டு நடுவர் தன் சொந்த அணிக்கு எதிராகக் கொடியைத் தாழ்த்தி வைத்திருக்கிறான் என்றால், அவன் கண்டதைத்தான் செய்கிறான். தம்பியை நோக்கி வந்த இரண்டு பேரை நான் வழிமறித்தேன். “கொடி அவன்ர கையில. முடிவும் அவன்ரதான். போய் ஆடுங்கோ” என்றேன். இந்த இடத்தில் பொறுப்பாளர் வாய் மூடி நின்றால் அடுத்த வாரம் கொடி பிடிக்க ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் நேர்மையான ஆள் கிடைக்கமாட்டான்.

சென்டர் பேக் நடுவரிடம் போய்க் கத்தினான். 2019-20 பருவத்திலிருந்து இங்கிலாந்தின் அடிமட்ட ஆட்டங்கள் எல்லாவற்றிலும் சின் பின் விதி இருக்கிறது: நடுவரின் தீர்ப்பை எதிர்த்துப் பேசினால் மஞ்சள் அட்டையோடு பத்து நிமிடம் வெளியே. எங்களுக்கு மிஞ்சியிருந்ததே பத்து நிமிடம்தான். இருட்டத் தொடங்கிய மைதானத்தில் பதினொரு பேருக்கு எதிராகப் பத்துப் பேர் ஓடினார்கள். ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டது. அந்தக் கோலை விட அந்தக் கத்தல்தான் எங்களுக்கு நட்டம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பருவம் தொடங்குமுன் இந்த விதியை அணிக்கு வாசித்துக் காட்டினால் போதாது. எவன் கத்துவான் என்று பொறுப்பாளருக்குத் தெரியும். அவன் பக்கத்தில் நின்று அவனை இழுத்துக்கொண்டு போக ஒருவனை முன்கூட்டியே நியமிக்க வேண்டும். இப்போது அந்த வேலை ரைட் பேக்குடையது.

ஆட்டம் முடிந்து நடுவர் கொடியை வாங்கும்போது தம்பிக்குக் கை கொடுத்தார். எங்கள் பொடியளில் பாதிப்பேர் அவனைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். எதிரணிக்காரர் தந்த தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அவன் வாசலிலேயே நின்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது என் காரில் அவன் பின்னால், ரைட் பேக் முன்னால். வானொலி போடவில்லை. டார்ட்ஃபோர்ட் பாலத்தில் ஏறியபோது நன்றாக இருட்டிவிட்டது. கீழே தேம்ஸ் கரை விளக்குகள். ரைட் பேக் திடீரென்று வாயைத் திறந்தான்.

“அண்ணை, மற்றவங்கள் முன்னுக்கு ஏறேக்க நான் ஏறேல்லை. அங்கால கரையில தனிய நிண்டிட்டன். அவனை ஒன்சைட் ஆக்கினது நான்தான்.”

பின்னாலிருந்து தம்பி சொன்னான்:

“தெரியும் அண்ணா. உங்கட ஓறேஞ்ச் சப்பாத்தைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”