கூட்டுக் குடித்தனத்துக்கு ஒரு வாஷிங் மெஷின்



ஆண்டு மலர் என்றால் ராக்கெட், ரோபோ என்று பெரிய விஷயங்களை எழுதுவார்கள். நான் துணி துவைக்கும் மெஷினைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். நம்மில் பலர் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை ரூமிலோ, கூட்டுக் குடும்பத்திலோ இருப்பவர்கள். பல பேர் புழங்கும் ஒரே மெஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்பதே இக்கட்டுரை.

எடமலைப்பட்டி புதூரில் அப்பா, சித்தப்பா குடும்பங்கள் சேர்ந்து எங்கள் வீட்டில் எட்டுப் பேர். அப்பா கொத்தனார். சித்தப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அத்தனை துணியையும் கல்லில் துவைத்தது அம்மாவும் சித்தியும். சீட்டு எடுத்த பணத்தில் மெஷின் வாங்கலாம் என்று முடிவானதும், "நீதானே படிக்கிறே, எதுன்னு நீயே பார்த்துச் சொல்லுடா" என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். ஆகவே பாடப் புத்தகத்தையும் மேனுவலையும் சேர்த்து வைத்துப் படித்தேன்.

ஏன் ஃப்ரன்ட் லோடு?

மேலே மூடி உள்ள டாப் லோடு மெஷினில் துணி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். ஃப்ரன்ட் லோடில் டிரம் படுக்கை வசத்தில் சுற்றும். உள்ளே உள்ள மேடுகள் துணியைத் தூக்கிப் போய் மேலிருந்து கீழே போடும். கல்லில் அடித்துத் துவைப்பது போலத்தான். டிரம்மின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். தண்ணீரும் சோப்பும் மிச்சம், துணியும் குறைவாகத் தேயும். ஆனால் விலை கூடுதல். ஒரு முறை ஓட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். குடம் கணக்கில் தண்ணீர் பிடித்து வைக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது என்று முடிவு செய்தோம்.

ஒரு சின்னக் கணக்கு

அமெரிக்காவில் 1937-ல் பெண்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் மெஷின் இந்த வகைதான். அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. காரணம் நாம் படித்த மையவிலக்கு விசை.

விசை = நிறை × கோணவேகத்தின் வர்க்கம் × ஆரம். டிரம்மின் ஆரம் 24 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். கோணவேகம் வினாடிக்குச் சுமார் 126 ரேடியன். அரை கிலோ ஈரத்துணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் விசை சுமார் 1,900 நியூட்டன். ஏறக்குறைய நாலு மூட்டை சிமென்டின் எடை, வினாடிக்கு 20 முறை திசை மாறி இழுக்கிறது! 800 சுற்றில் இது பாதிக்கும் கீழே போய்விடும்.

இன்றைய மெஷினில் ஸ்பிரிங், டாம்பர், எதிர் எடை எல்லாம் இதைத் தாங்கத்தான். எனவே,

- லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் பூட்டியிருக்கும் ட்ரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகே ஓட்ட வேண்டும். வீடு மாறும்போது தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.
- நாலு காலும் கெட்டித் தரையில் சமமாக நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவின் ரசமட்டம் உதவியது.
- கனமான ஒற்றைப் போர்வையைத் தனியாகப் போடாதீர்கள். கூட நாலு துணி சேருங்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. கொள்ளளவு: கிலோ என்பது உலர்ந்த துணியின் எடை. எட்டுப் பேருக்கு 8 கிலோ எடுத்தோம். டிரம்மைத் திணித்து நிரப்பினால் துணி விழ இடமிருக்காது, அழுக்கும் போகாது.

2. தண்ணீர் அழுத்தம்: 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார். மேனுவலில் குறைந்தபட்சம் 0.3 பார் என்றிருந்தால், தொட்டியின் அடிப்பகுதி மெஷினின் வால்வுக்கு 3 மீட்டராவது மேலே இருக்க வேண்டும்.

3. உப்புத் தண்ணீர்: குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்; வேறு நீர் இல்லாதபோது 600 வரை. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை என்றால் ஹீட்டரில் உப்புப் படியும். முடிந்தவரை காவிரித் தண்ணீரையே விடுங்கள்.

4. மின்சாரம்: ஹீட்டர் பெரும்பாலும் 2 கிலோவாட் அளவில் இருக்கும். எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. 15 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். தினசரித் துணிக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

5. நட்சத்திரக் குறியையும், ஊரிலேயே சர்வீஸ் கிடைக்குமா என்பதையும் பாருங்கள்.

வருமுன் காப்போம்

சைட்டுக்குப் போட்டுப் போகும் துணியில் மணலும் சிமென்டும் இருக்கும். உதறிவிட்டுத்தான் போட வேண்டும். பாக்கெட்டில் ஆணி, சில்லறை பார்க்க வேண்டும். ஃப்ரன்ட் லோடுக்கான நுரை குறைந்த பவுடரையே போடவும். சாதாரண பவுடரின் நுரை பெருகி மெஷினைத் திணறடிக்கும்.

துவைத்து முடிந்ததும் கதவின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சணம் பிடித்து நாறும். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி, கீழே தட்டு வைத்து, பம்ப் ஃபில்டரைக் கழுவ வேண்டும். தண்ணீர் குழாய் நுழையும் இடத்துச் சின்ன வலையிலும் மண் அடைக்கும். காலி டிரம்மைச் சுடுதண்ணீரில் ஓட்டுவதும், கம்பெனி சொல்லும் உப்பு நீக்கும் பவுடர் போடுவதும் ஹீட்டருக்கு நல்லது.

யார் செய்வது?

மேலே சொன்னவற்றில் கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் பொது மெஷினில் "அவங்க பார்த்துப்பாங்க" என்று எல்லோரும் இருந்தால் பார்க்க ஆளில்லை. அல்லது அந்த வேலையும் அம்மா தலையில் விழும். கல்லை விட்டு எழுந்தவரை ஃபில்டர் முன்னால் உட்கார வைக்கவா மெஷின் வாங்கினோம்?

அதனால் லேபில் மெஷினுக்கு மெயின்டனன்ஸ் சார்ட் மாட்டுவது போலச் சுவரில் ஒரு அட்டை மாட்டினோம். எந்தக் கிழமை யார் துணி, கதவு துடைப்பது யார், இந்த மாதம் ஃபில்டர் யார் என்று பெயர் போட்டோம். உதறுவதும் பாக்கெட் பார்ப்பதும் துணிக்காரர் பொறுப்பு. முதல் மாத ஃபில்டர் சித்தப்பாவுக்கு. "என்னடா, எனக்கே டூட்டியா?" என்றார், ஆனாலும் செய்தார். ரிப்பேருக்கென்று இரு குடும்பமும் மாதம் 100 ரூபாய் டப்பாவில் போடுகிறோம்.

நண்பர்களே, ரூமில் சேர்ந்து மெஷின் வாங்குபவர்கள் பணம் பிரிக்கும் அன்றே வேலையையும் பிரித்து எழுதுங்கள். பாதியில் ரூமைக் காலி செய்பவருக்கு எவ்வளவு திருப்பித் தருவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பேரிங் தேய்ந்தால் மாற்றலாம், மனஸ்தாபத்துக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.